பன்னிரண்டு வோல்ட்தானே? ஆர்வியில் சோலார் சார்ஜர் வைக்கும் புதியவர்களுக்கு

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சின்ன ஊர். கோடையில் அந்தப் பக்கம் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். குளிர்காலம் வந்தால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க ஆர்வி வண்டிகள், அதாவது படுக்கை, சமையல் வசதியோடு உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டிகள். மத்திய அரசின் நிலம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கலாம். வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. வெயில் மட்டும் வேண்டிய மட்டும் உண்டு. அதனால் அங்கே சோலார் பேனல் இல்லாத வண்டியைப் பார்ப்பது அரிது.

நாங்களும் இன்னொரு வண்டியால் இழுத்துச் செல்லும் வகையில் பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, கூரையில் இரண்டு பேனலை மாட்டிக்கொண்டு அங்கே போனோம். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், கேஸ் அலாரம் வீறிட்டது. "என்னங்க, அழுகின முட்டை நாத்தம் வருது" என்று மனைவி எழுப்பினார். வெளியே ஓடி, புரொப்பேன் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றோம். நாற்றம் குறையவே இல்லை. கடைசியில் பார்த்தால் கேஸ் எங்கும் கசியவில்லை. சோபாவுக்கு அடியில், பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன பேட்டரி உலை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. தொட முடியாத சூடு.

நடந்தது இதுதான். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கும். அதில் ஒன்று உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்திருந்தது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜை அளந்து விடும் சார்ஜ் கன்ட்ரோலருக்கு அது தெரியாது, மொத்தத்தில் 14.4 வோல்ட் வர வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆறு பேர் ஆளுக்கு 2.4 வோல்ட்டாகத் தாங்க வேண்டிய பாரத்தை ஐந்து பேர் 2.88 வோல்ட்டாகத் தாங்கினார்கள். உள்ளே இருந்த தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைந்து பொங்கியது. கூடவே கந்தக வாயு. புரொப்பேனில் கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகக் கலக்கும் பொருளுக்கும் கிட்டத்தட்ட அதே நாற்றம்தான். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். அந்த நேரத்தில் யாராவது ஸ்விட்ச் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அந்தத் தைரியத்தில்தான் பலரும் அலட்சியமாக இருக்கிறோம். ஷாக் அடிக்காத அதே பேட்டரி, இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பல நூறு ஆம்பியரை ஒரே நொடியில் கொட்டும். ஸ்பேனர் பழுக்கக் காயும், ஒட்டிக்கொள்ளும், பேட்டரி வெடிக்கவும் செய்யும். ஆர்வியில் சோலாருக்கு அஞ்ச வேண்டிய இடம் கூரை இல்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஓடும் அந்தச் சில மீட்டர் வயரும், அதன் முடிவில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியும்தான். இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி அதைப் பற்றியே.

முதலில் பேட்டரியைப் பாருங்கள், பேனல் அப்புறம்

வண்டியை வாங்கியதும் கடைக்கு ஓடிப் பேனல் வாங்குவதுதான் வழக்கம். அதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். விலை அதிகமில்லை. இது இல்லாமல் சோலார் வேலையில் இறங்கக் கூடாது.

உள்ளே இருப்பது எந்த வகைப் பேட்டரி என்று லேபிளைப் படியுங்கள். மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகை என்றால், ஊரில் இன்வெர்ட்டருக்கு வைத்திருப்போமே, அதே இனம். மூடி இல்லாமல் ஏ.ஜி.எம். அல்லது ஜெல் என்று எழுதியிருக்கலாம். இப்போது புது வண்டிகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையும் நிறைய வருகிறது. நான்கும் பார்க்க ஒரே டப்பா மாதிரி இருக்கும். சார்ஜ் கேட்கும் முறை நான்குக்கும் வேறு வேறு.

பிறகு எல்லா இணைப்பையும் துண்டித்து, சில மணி நேரம் சும்மா விட்டு, வோல்ட் அளந்து பாருங்கள். லெட்-ஆசிட் வகையில் (லித்தியம் தவிர மற்ற மூன்றும் அதுதான்) 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.1 பக்கம் வந்தால் பாதி. முழுக்கச் சார்ஜ் போட்டு ஓய்வில் விட்ட பிறகும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஒரு செல் போய்விட்டது என்று பொருள். அதை எந்த சார்ஜராலும் பிழைக்கவைக்க முடியாது. மாற்றுவது ஒன்றே வழி. நான் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால்தான் சோபாவுக்கு அடியில் உலை வைத்தேன்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி ஆட்கள் தூங்கும் அறைக்குள் திறந்த நிலையில் இருக்கவே கூடாது. ட்ரெய்லர் என்றால் முன்பக்க இழுவைக் கட்டையின் மேல், காற்றோட்டமுள்ள பெட்டியில். தானே ஓடும் மோட்டார்ஹோம் என்றால் வெளியே மட்டும் காற்றுப் போக்கு உள்ள தனி அறையில். உள்ளேதான் இடம் இருக்கிறது என்றால் ஏ.ஜி.எம். அல்லது லித்தியம் வகைக்கு மாறிவிடுங்கள். நாங்கள் ஏ.ஜி.எம். வாங்கினோம்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு

இது பலர் நினைப்பது போலக் கடினமில்லை. பாலைவனத்தில் ஒரு குளிர்கால நாளுக்கு எங்கள் செலவு இப்படி: இரவில் ஹீட்டரின் ஃபேன் 7 ஆம்பியர், மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடினால் 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி). விளக்குக்கு 5. லேப்டாப், போனுக்கு 10. தண்ணீர் பம்புக்கு 2. கேஸ் அலாரம், ரேடியோ, பிரிட்ஜின் சர்க்யூட் போர்டு என்று யாரும் தொடாமலே நாள் முழுக்க உறிஞ்சும் சில்லறைகளுக்கு 3. ஆக 55 ஏ.எச்.

வரவு? 200 வாட் பேனல், நல்ல வெயில் ஐந்து மணி நேரம், அதில் சூடு, தூசி, சாய்வு, வயர் இழப்பு என்று முப்பது சதவீதம் கழித்தால் 700 வாட்-மணி. 12.5-ஆல் வகுத்தால் 56 ஏ.எச். சரி, கட்டிக்கொண்டுவிடும். மேகம் போட்ட நாளில் கட்டாது. உங்கள் ஊரில் எந்த மாதம் எவ்வளவு வெயில் மணி என்று தெரிய வேண்டுமென்றால், அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் உள்ள தேசிய ஆய்வகம் நடத்தும் பி.வி.வாட்ஸ் என்ற இலவசக் கணக்கீட்டுப் பக்கம் இருக்கிறது. கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனல் என்பதால் சாய்வு பூஜ்யம் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஆகாத கணக்கைப் பார்த்து மகிழ்ந்துவிடுவீர்கள்.

லெட்-ஆசிட் வகையில் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால், இந்தச் செலவுக்குக் குறைந்தது 110 ஏ.எச். வேண்டும், மழைக்கு ஒரு நாள் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. கோல்ஃப் வண்டிக்கு வரும் 6 வோல்ட் பேட்டரி இரண்டைச் சீரிஸில் போட்டு 225 ஏ.எச். ஆக்கி வைத்துக்கொள்வது அங்கே பழைய ஆட்களின் வழக்கம். கனம்தான் முதுகை உடைக்கும்.

ஏ.சி., மைக்ரோவேவ் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. 1000 வாட் சாமான் ஒன்றை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரி பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கான வயரும் ஃபியூஸும் தனிக் கதை. முதல் வருடம் அதைத் தொடாதீர்கள்.

கன்ட்ரோலர் இல்லாமல் இணைக்கவே வேண்டாம்

"12 வோல்ட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, நேராகக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேனல் வேலை செய்யும்போது தருவது 18 வோல்ட். எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்து அளந்தால் 22 வரை காட்டும். பேட்டரி நிறைந்த பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி இறங்காமல் இருக்க டாஷ்போர்டில் வைக்கும் 5 வாட் குட்டிப் பேனலுக்கு வேண்டுமானால் விதிவிலக்கு தரலாம். மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்.

இதில் இரண்டு வகை. பி.டபிள்யூ.எம். மலிவு, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து வைத்துவிடும். 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனல் அதில் 13 வோல்ட்டில் ஓடினால் கையில் வருவது 70 வாட் சொச்சம். எம்.பி.பி.டி. வகை அதிக வோல்ட்டை வாங்கி ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும், இழப்பு சொற்பம். ஒற்றைப் பேனலுக்கு முதல் வகை போதும். இரண்டு, மூன்று பேனல் என்றால் கூடுதல் காசைக் கொடுத்து இரண்டாவதை வாங்குங்கள் என்பது என் கட்சி.

ஆனால் எம்.பி.பி.டி. வாங்குபவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பேனல் இரண்டைச் சீரிஸில் போட்டால் இணைக்காத நிலை வோல்ட் 45 ஆகிறது. கன்ட்ரோலரின் மேல் எல்லை 50 என்று போட்டிருக்கிறது. போதுமே என்று தோன்றும். போதாது. பேனலுக்குக் குளிர் ஏற ஏற வோல்ட் ஏறும். 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம். மைனஸ் 10-இல் அந்த 45 கிட்டத்தட்ட 49.7 ஆகிவிடும். மைனஸ் 20-இல் 51-ஐத் தாண்டும். மினசோட்டாவிலோ கனடாவிலோ ஒரு தெளிவான ஜனவரிக் காலையில், சூரியன் எட்டிப் பார்த்த உடனே கன்ட்ரோலர் எரிந்துபோவது இப்படித்தான். 75 அல்லது 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

வாங்கியாயிற்று. மெனுவுக்குள் போய் பேட்டரி வகையைச் சொல்லுங்கள். கம்பெனி அமைத்து அனுப்பியது உங்கள் பேட்டரிக்கு ஏற்றதாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தண்ணீர் ஊற்றும் வகை 14.4 முதல் 14.8 வரை கேட்கும், ஜெல் 14.2-க்கு மேல் போனால் உள்ளே குமிழி கட்டிக் கெட்டுவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6. சரியான எண் உங்கள் பேட்டரியின் கையேட்டில் இருக்கும், அதையே போடுங்கள். ஈக்வலைஸ் என்று ஒரு வசதி இருக்கும். 15 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி வேண்டுமென்றே கொதிக்கவிடுவது அது. தண்ணீர் ஊற்றும் வகைக்கு மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மற்ற வகைகளுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

வெப்பநிலை உணரி என்று சின்ன வயர் ஒன்று கன்ட்ரோலருடன் வந்தால் தூக்கிப் போடாமல் பேட்டரியில் ஒட்டுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி சூடேறினால் சார்ஜ் வோல்ட் குறைய வேண்டும், டிகிரிக்கு 0.02 முதல் 0.03 வோல்ட். 45 டிகிரி பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக்கு அது அரை வோல்ட் வித்தியாசம்.

கன்ட்ரோலரை எங்கே வைப்பது? பேட்டரிக்குப் பக்கத்தில், ஆனால் தண்ணீர் ஊற்றும் பேட்டரி இருக்கும் பெட்டிக்குள் அல்ல. புரொப்பேன் சிலிண்டர் இருக்கும் அறையிலும் அல்ல. அது சூடாகும், பொறி வரவும் வாய்ப்புண்டு. சுவரில் நிமிர்த்தி, மேலும் கீழும் ஒரு சாண் காற்றிடம் விட்டு மாட்டுங்கள்.

வயரும் ஃபியூஸும்

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் பலர் கன்ட்ரோலரை என்பார்கள். இல்லை, வயரை. வண்டி குலுங்கி எங்காவது வயரின் தோல் உரிந்து உலோகச் சட்டத்தில் பட்டால், பேட்டரி தன் முழுப் பலத்தையும் அந்த வயருக்குள் கொட்டும். வயர் சிவந்து, பக்கத்தில் இருக்கும் பிளைவுட்டைப் பற்றவைக்கும். அதற்கு முன் ஃபியூஸ் அறுந்தாக வேண்டும். ஆகவே அதன் இடம் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒட்டினாற்போல்; அமெரிக்க ஆர்வி வயரிங் விதிகள் 18 அங்குலத்துக்குள் என்கின்றன. நான் ஏழு, எட்டு அங்குலத்தைத் தாண்டவிடுவதில்லை. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள துண்டுக்கு யாரும் காவல் இல்லை அல்லவா?

200 வாட் பேனல் எம்.பி.பி.டி. வழியாகப் பேட்டரிக்கு 15 ஆம்பியர் தரும். 20 ஆம்பியர் கன்ட்ரோலர், 25 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ், 10-ஆம் எண் செம்பு வயர். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போகக் கூடாது. அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. முறையில் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும். சதுர மில்லிமீட்டரில் வயர் வாங்கிப் பழகிய நமக்கு இது தலைகீழ். 14-ஆம் எண் பெரிது என்று நினைத்து வாங்கிவந்தவரை எனக்குத் தெரியும்.

வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயர் வண்டிக்கு ஆகாது. குலுக்கலில் முறிந்துபோகும். பல இழை வயர்தான், அதன் முனையில் அழுத்தும் கருவியால் இறுக்கிய லக் என்ற உலோகத் துண்டுதான். கட்டிங் பிளேயரால் நசுக்கியது லக் ஆகாது. இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் இப்போதே வந்தது என்று சந்தோஷப்படுங்கள். தளர்ந்த இணைப்பு சூடேறும். சூடேறினால் இன்னும் தளரும். பெரும்பாலான வயர் தீயின் கதை இது.

வீட்டு ஏ.சி. மின்சாரத்துக்கான பிரேக்கரை இங்கே பயன்படுத்துவதும் தவறு. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 120 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அதில் தோன்றும் பொறி தானே அணையும். டி.சி.யில் அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி நீண்டு நின்று எரியும். டி.சி.க்கு என்று முத்திரை உள்ளதையே வாங்குங்கள். லித்தியம் பேட்டரி என்றால் இன்னும் ஒரு படி மேலே: ஷார்ட்டில் அது கொட்டும் கரண்ட் சாதாரண கார் ஃபியூஸால் வெட்ட முடியாத அளவு. 20,000 ஆம்பியர் வரை வெட்டும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் அதற்கென்றே இருக்கிறது.

பேனல் பக்கமும் ஒரு டி.சி. பிரேக்கர் வையுங்கள். சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது. பேனலை நிறுத்த உங்கள் கையில் ஒரு ஸ்விட்ச் இருக்கட்டும். மூன்று அல்லது அதற்கு மேல் பேனலைப் பேரலலில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒன்று பழுதானால் மற்றவை அதற்குள் கரண்டைத் தள்ளும்.

இணைக்கும் நாள்

மோதிரம், வாட்ச், கையில் காப்பு எதுவும் வேண்டாம். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் விரலை நினைத்துப் பாருங்கள். பேட்டரி முனைக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் மாட்டிய மோதிரம் நொடியில் பழுக்கும். கண்ணாடி போடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஆசிட் சிந்தினால் தூவ ஒரு டப்பா சமையல் சோடா, கழுவ ஒரு வாளித் தண்ணீர். கண்ணில் பட்டால் சோடா வேண்டாம். வெறும் தண்ணீரால் நிறைய நேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி வரிசை. இதை ஒரு அட்டையில் எழுதி கன்ட்ரோலர் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

1. வெளிக் கரண்ட் பிளக்கை உருவுங்கள். பேனலைக் கனமான போர்வையால் மூடுங்கள், பேனல் பிரேக்கர் ஆஃப், பேட்டரி பக்க ஃபியூஸ் கழற்றிய நிலை.
2. கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளிலிருந்து பேட்டரிக்கு வயர் இணையுங்கள். பேட்டரியில் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வண்டிச் சட்டம் மைனஸ் என்பதால், மைனஸ் இணையாத வரை ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் பொறி வராது.
3. மீட்டரால் பிளஸ், மைனஸ் சரிதானா என்று பார்த்துவிட்டு ஃபியூஸைப் போடுங்கள். கன்ட்ரோலர் விழித்து 12 வோல்ட் அமைப்பு என்று கண்டுகொள்ளும். பேட்டரி வகையை அமையுங்கள்.
4. பேனல் வயரின் பிளஸ், மைனஸை மீட்டரால் அளந்து கன்ட்ரோலரில் இணையுங்கள். கடைசியில் போர்வையை எடுத்து, பிரேக்கரைப் போடுங்கள்.

கழற்றும்போது அப்படியே தலைகீழ்: பேனல் முதலில், பேட்டரி கடைசியில். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் பல கன்ட்ரோலர்களுக்கு எந்த வோல்ட்டில் நிற்பது என்று தெரியாது, சில எரிந்தும் போகலாம். பேனல் வயர்களில் இருக்கும் எம்.சி.4 கனெக்டரை வெயிலில் கரண்ட் ஓடும்போது இழுத்துப் பிரிக்கவும் கூடாது. முதலில் பிரேக்கர் ஆஃப்.

கூரை வேலை

கூரையில் ஏறுவதற்கு முன் அதன் மேல் நடக்கலாமா என்று கையேட்டில் பாருங்கள். எல்லாக் கூரையும் ஆளைத் தாங்காது. பேனலுக்கு அடியில் ஓர் அங்குலமாவது காற்று போக இடம் விடுங்கள். சூடான பேனல் குறைவாகத்தான் தரும். ஏ.சி. பெட்டியின் நிழலும் ஆன்டெனா நிழலும் விழாத இடமாகப் பாருங்கள். பேனலின் ஒரு மூலையில் விழும் நிழல் அந்த மூலையை மட்டும் பாதிக்காது, சீரிஸில் இருக்கும் முழு வரிசையையும் இழுத்துக் கீழே போடும்.

திருகு போட்ட ஒவ்வொரு ஓட்டையும் நாளை மழைக்கு வழி. ரப்பர் கூரைக்கு என்று விற்கும், தானே பரவிச் சமமாகும் சீலன்ட்டைத் திருகின் தலை மறையும் அளவுக்கு ஊற்றுங்கள். ஹார்டுவேர் கடை சிலிக்கான் பசை இங்கே பிடிக்காது. வயரை உள்ளே இறக்கப் புது ஓட்டை போடப் பயப்படுபவர்கள், பிரிட்ஜின் கூரைத் துவாரம் வழியாக இறக்குவது உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் கேஸில் ஓடும் பிரிட்ஜ் என்றால் அதன் பின்பக்கம் சுடர் எரிகிறது, புகைக்குழாய் போகிறது. வயர் அவற்றுக்குக் கிட்டே போகாதபடி ஓரமாகக் கட்டி இறக்குங்கள்.

கூரையே வேண்டாம், சூட்கேஸ் மாதிரி மடக்கும் பேனல் போதும் என்றால் புதியவர்களுக்கு அது இன்னும் நல்லது. நிழலில் வண்டி, வெயிலில் பேனல். ஆனால் வண்டியின் பக்கவாட்டில் "சோலார்" என்று எழுதிய பிளக்கைப் பார்த்ததும் செருகிவிடாதீர்கள். இரண்டு சங்கதி. சில பிளக்குகளில் பிளஸ், மைனஸ் வழக்கத்துக்கு எதிராக இருக்கும். செருகும் முன் இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துப் பாருங்கள். அடுத்து, மடக்குப் பேனலின் முதுகில் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் இருக்கலாம். வண்டிக்குள்ளும் ஒன்று இருந்தால் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கன்ட்ரோலர். இரண்டும் குழம்பி பேட்டரி நிறையாது. ஒன்றைத் தாண்டிப் போகும்படி இணைக்க வேண்டும்.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

ஆர்விக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட், போன் பேட்டரி வகையைவிடத் தீ விஷயத்தில் சாது. ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜை வெட்டும் பாதுகாப்பு உள்ள பேட்டரிதானா என்று வாங்கும்போதே கேளுங்கள். கரண்டைச் செலவழிக்க இந்தத் தடை இல்லை, ஏற்றத்தான்.

லெட்-ஆசிட்டிலிருந்து மாறுபவர்கள் சோலார் கன்ட்ரோலரை மட்டும் மாற்றி அமைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். வெளிக் கரண்டில் சார்ஜ் ஏற்றும் கன்வெர்ட்டர் பழையதாகவே இருக்கும், அதன் வோல்ட் லித்தியத்துக்குப் பொருந்தாது. இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரும் இந்தப் பேட்டரி பசியோடு இழுக்கும் கரண்டில் சூடேறிப் போகும். நடுவில், அந்தக் கரண்டை அளவோடு விடும் ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் வைக்க வேண்டும். ஒரே பேட்டரிக்கு மூன்று வழியில் சார்ஜ் வருகிறது என்பதை மறக்காதீர்கள்.

கவனித்துக்கொள்வது

முதல் நூறு மைல் ஓடியதும் நிறுத்தி, பேனல் பிரேக்கரை அணைத்துவிட்டு, எல்லா முனையையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். குலுக்கல் எதையாவது தளர்த்தியிருக்கும். பிறகு உச்சி வெயிலில், சார்ஜ் முழு வேகத்தில் ஏறும்போது, இணைப்புகளுக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை எடுக்கவைக்கும் சூடு என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு அந்த லக்கைப் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகையில் மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள். தகடு மூழ்கியிருந்தால் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுவதே சரி, முன்னால் நிரப்பினால் வழியும்.

அலாரம் அடித்தால்? கேஸா பேட்டரியா என்று துப்பறிய வேண்டாம். ஸ்விட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே. சிலிண்டரை மூடுங்கள். பேனல் கூரையில் இருந்தால் ஏணி வைத்து ஏறத் தேவையில்லை; வெளியிலிருந்து எட்டும் இடத்தில் பேனல் பிரேக்கர் இருந்தால் அதை அணைக்கலாம், நான் எங்கள் பிரேக்கரை வெளிப்பெட்டிக்கு மாற்றியது அதற்காகத்தான். கொதிக்கும் பேட்டரியின் முனையைக் கழற்றப் போகாதீர்கள். அங்கே வரும் ஒரு பொறி போதும். பேட்டரி ஆறும்வரை, நாற்றம் போகும்வரை தள்ளியே நில்லுங்கள். குறையவில்லை என்றால் அமெரிக்க அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

குளிர்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்துபவர்களுக்கு ஒன்று மீதி இருக்கிறது. முழு சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 50 வரையிலும் உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து, பெட்டி விரிசல் விடும். பேனல் மேல் பனி மூடியிருந்தால் சார்ஜ் ஏறாது. அந்த நேரத்தில்தான் கேஸ் அலாரம் மாதிரிச் சில்லறைகள் பேட்டரியைக் காலி செய்கின்றன. வண்டியின் பேட்டரி ஸ்விட்சை அணைத்துவைத்து, சோலார் மட்டும் அந்த ஸ்விட்சுக்கு முன்னால் நேராகப் பேட்டரியில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வசந்தத்தில் வந்து பார்க்கும்போது பேட்டரி உப்பியிருந்தாலோ, உள்ளே ஐஸ் தெரிந்தாலோ, பேனல் பிரேக்கரை முதலில் அணையுங்கள். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் போடக் கூடாது. விரிசல் இருந்தால் உருகும்போது ஆசிட் வழியும் என்பதால், கையுறையோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பழைய பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.